ஸ்டெம் செல் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் முன்: ரத்தக்கட்டு அபாயத்தை விசாரிப்பது எப்படி?

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்காக ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக வளரக்கூடிய மூல செல்) சிகிச்சை பற்றி விசாரித்து அலைந்திருக்கிறேன். அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். வயிற்றுக் கொழுப்பிலிருந்து செல் எடுத்து மூட்டில் ஊசியாகப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். சித்தப்பாவுக்கு மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோய். அவருக்கு மருத்துவமனையில் முறைப்படி ஸ்டெம் செல் மாற்று நடந்தது. அம்மாவுக்கு முன்பே ஒரு முறை காலில் ரத்தக்கட்டு வந்து குணமாகியிருந்ததால், எனக்கு எழுந்த முதல் கேள்வி இதனால் மறுபடி கட்டு வருமா என்பதுதான். அதற்கு நேரான பதில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விளம்பரக் கையேட்டில் அந்தப் பேச்சே இல்லை. இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் பயமுறுத்தல், மறுபக்கம் விற்பனை.

எனக்குப் புரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெம் செல்லால் ரத்தம் உறையுமா என்று பொதுவாகக் கேட்டால் எந்த டாக்டராலும் பதில் சொல்ல முடியாது. எந்த செல், எந்த வழியாக, யாருடைய உடம்பில் என்ற மூன்றும் தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். அந்த மூன்றுக்கும் உரிய தாள்கள் உங்கள் கைக்கு வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள். தாள்களை எப்படிக் கேட்பது, எதைப் பார்ப்பது, எப்போது பயப்பட வேண்டும் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் கையில்.

1. உங்களுக்குச் சொல்லப்பட்டது எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சிகிச்சைகள் பேசப்படுகின்றன. மூன்றிலும் ரத்தக்கட்டு வரும் விதமும் வேறு.

முதலாவது, ரத்த ஸ்டெம் செல் மாற்று. எலும்பு மஜ்ஜை மாற்று என்று நாம் சொல்வது. லுகேமியா, லிம்ஃபோமா, மைலோமா, தலசீமியா போன்ற நோய்களுக்குப் பல பத்தாண்டுகளாகச் செய்யப்படும், நிலைபெற்ற சிகிச்சை. இதில் கட்டு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் செல் அல்ல. அதைச் சுற்றியுள்ள கீமோ, கழுத்திலோ மார்பிலோ போடும் குழாய், சில மருந்துகள். இதற்குத் தனியாக 9-ஆம் படி இருக்கிறது.

இரண்டாவது, மெசன்கைமல் வகை செல்களைச் சிரை வழியாக, அதாவது டிரிப் போட்டு, ஏற்றுவது. கொழுப்பு, எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் செல்கள் இவை. ரத்தக்கட்டைப் பற்றி அதிகமாக விசாரிக்க வேண்டியது இங்கேதான்.

மூன்றாவது, அதே செல்களை முழங்கால் மூட்டு போன்ற ஓரிடத்தில் மட்டும் ஊசியாகப் போடுவது. செல் நேரடியாக ரத்த ஓட்டத்தில் கலப்பதில்லை என்பதால் அந்த வகையில் அபாயம் குறைவு. ஆனால் செல் எடுப்பதற்காகக் கொழுப்பை உறிஞ்சும் சிறு அறுவை நடக்கிறது. அதற்குப் பின் ஓய்வில் படுத்திருப்பதும் உண்டு. காலில் கட்டு வர அதுவே வழி செய்யலாம். ஆகவே இதையும் கணக்கில் சேருங்கள்.

அம்மாவுக்கு மூட்டில் ஊசி என்றுதான் முதலில் பேச்சு. பிறகு விலைப்பட்டியலைப் பார்த்தால், அதனுடன் சேர்த்து ஒரு டிரிப்பும் தொகுப்பில் இருந்தது. நான்காக மடித்த தாளின் உட்பக்கத்தில், 'புத்துணர்வு ஏற்றம்' என்ற பெயரில், ஒரே வரி. 'இதில் ஏதாவது சிரை வழியாக ஏற்றப்படுமா?' என்று தனிக் கேள்வியாகவே கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

2. செல்லுக்கான தாளைக் கேளுங்கள்

மெசன்கைமல் செல்கள் பலவற்றின் மேற்பரப்பில் டிஷ்யூ ஃபேக்டர் என்னும் புரதம் இருக்கிறது. நம் உடம்பில் இது சாதாரணமாக ரத்தக் குழாய்க்கு வெளியே உள்ள திசுக்களில் இருக்கும். குழாய் அறுந்து ரத்தம் அதைத் தொட்டால், காயம் பட்டிருக்கிறது என்று உடம்பு எடுத்துக்கொண்டு உறைதலைத் தொடங்கும். அதே புரதத்தைச் சுமந்த செல்லை நேராக ரத்தத்தில் ஏற்றினால், காயம் இல்லாமலே அந்தத் தொடர்வினை கிளம்பக்கூடும். தவிர, சிரையில் ஏற்றும் செல்களில் பெரும்பகுதி முதலில் போய் நிற்பது நுரையீரலில். இந்த செல்கள் அங்குள்ள நுண்குழாய்களைவிடப் பருமனானவை. ஆகவே கட்டு உருவானால் முதலில் அடிபடும் உறுப்பும் நுரையீரல்தான்.

எல்லா செல்லிலும் இந்தப் புரதம் ஒரே அளவில் இருப்பதில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்தவற்றில் பொதுவாகக் குறைவு. கொழுப்பு, நஞ்சுக்கொடித் திசுக்களிலிருந்து எடுத்தவற்றில் அதிகம். ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்துப் பெருக்கிய செல்களில் கூடுகிறது. உறைய வைத்து, உருக்கியவுடன் ஏற்றும் செல்கள் ரத்தத்தில் இன்னும் கூடுதலான எதிர்வினையைத் தூண்டுவதாகவும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிளினிக்கிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

- செல் எந்தத் திசுவிலிருந்து எடுத்தது? என்னுடையதா, வேறொருவருடையதா?
- ஆய்வகத்தில் எத்தனை முறை மாற்றி வளர்த்தது? (ஆய்வகத்தார் இதைப் 'பாசேஜ் எண்' என்பார்கள்.)
- ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை செல்? மொத்தம் எத்தனை?
- அதில் உயிரோடிருக்கும் செல் எத்தனை சதவீதம்?
- புதிதாக ஏற்றுவதா, உறைய வைத்து உருக்கியதா?
- டிஷ்யூ ஃபேக்டர் அளவைப் பரிசோதித்தீர்களா? முடிவு என்ன?
- செல் கட்டி கட்டியாகச் சேராமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? வடிகட்டி உள்ள குழாய் செட்டா?
- எத்தனை நிமிடத்தில் ஏற்றுவீர்கள்? ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி மருந்து) கொடுப்பீர்களா?

இவற்றில் பலவற்றுக்கான பதில், ஒவ்வொரு தொகுதி செல்லுக்கும் ஆய்வகம் கொடுக்கும் பகுப்பாய்வுச் சான்றிதழில் இருக்கும். தொகுதி எண், எடுத்த தேதி, செல் எண்ணிக்கை, உயிர்ப்புச் சதவீதம், கிருமி இல்லை என்ற சோதனை முடிவு, எண்டோடாக்சின் (கிருமிகளின் நச்சு) அளவு, பொறுப்பாளர் கையெழுத்து ஆகியவை அதில் காணப்பட வேண்டும். உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏன் என்று கேளுங்கள், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. செல் தயாரிப்புகளுக்குப் பொதுவாக எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அளவு அது.

பாசேஜ் எண்ணைப் பற்றி நான் கேட்டபோது ஆலோசகர், "அதெல்லாம் லேப்ல பார்த்துக்குவாங்க மேடம், நீங்க ஏன் கவலைப்படறீங்க?" என்றார். அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. எண்ணைச் சொல்ல முடியாதவர்களிடம் எண்ணே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இரண்டு பொறிகளை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று, "உங்கள் சொந்த செல்தானே, ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு. சொந்த செல்லிலும் டிஷ்யூ ஃபேக்டர் உண்டு. 2013-இல் யோன்சேய் மெடிக்கல் ஜர்னலில் கொரிய மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். கழுத்து டிஸ்க் பிரச்சினைக்காகத் தன் சொந்தக் கொழுப்பு செல்களைப் பல முறை சிரை வழியாக ஏற்றிக்கொண்டவருக்கு நுரையீரலில் பல இடங்களில் கட்டு. அதே சிகிச்சை எடுத்துக்கொண்ட அவருடைய பெற்றோருக்கும் ஸ்கேனில் கட்டுகள் தென்பட்டன.

மற்றொன்று, "அதிக செல், அதிகப் பலன்" என்ற பேச்சு. மருத்துவ ஆய்வுகளில் வழக்கமாகப் புழங்கும் அளவு, கிலோவுக்கு 10 முதல் 20 லட்சம் செல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 முதல் 12 கோடி. அதைவிடப் பல மடங்கு சொன்னால், அந்த அளவில் பாதுகாப்பைக் காட்டிய ஆய்வு எது என்று கேளுங்கள். செல் கூடக்கூட உறைதலைத் தூண்டும் பொருளும் கூடுகிறது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மெசன்கைமல் செல் கொடுக்கப்பட்ட 55 கட்டுப்பாட்டு ஆய்வுகளை, மொத்தம் 2,696 நோயாளிகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு மதிப்பாய்வில், ரத்தக்கட்டு கூடியதாகத் தெரியவில்லை, காய்ச்சல்தான் கூடியிருந்தது. ஆறுதலான செய்திதான். ஆனால் அவை நோயாளியைத் தேர்ந்தெடுத்து, செல்லைச் சோதித்து, அளவை வரையறுத்து நடந்த ஆய்வுகள். உங்கள் கிளினிக் அந்த வரிசையில் வருகிறதா என்பதைத்தான் மேலே உள்ள கேள்விகள் காட்டிக்கொடுக்கும்.

3. உங்கள் உடம்பின் கதையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

பத்து வருடக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே பக்கம் போதும். அதில் இருக்க வேண்டியவை:

முன்பு காலிலோ நுரையீரலிலோ மூளையிலோ கட்டு வந்ததா, எந்த ஆண்டு, என்ன மருந்து எத்தனை மாதம். ரத்த உறவில் யாருக்காவது 50 வயதுக்குள் கட்டு வந்ததா. கருச்சிதைவுகள், குறிப்பாகத் திரும்பத் திரும்ப வந்தவை. புற்றுநோய். சமீபத்திய அறுவை, எலும்பு முறிவு, படுக்கையில் கிடந்த நாட்கள். கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மருந்து, புகைப்பழக்கம். உடல் எடை. சிறுநீரகம், கல்லீரல் நிலை. இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும், அளவோடு. ஆஸ்பிரின், மூலிகை, மீன் எண்ணெய் மாத்திரை உட்பட.

கருச்சிதைவை ஏன் எழுத வேண்டும் என்று அம்மா கேட்டார். திரும்பத் திரும்ப கரு கலைவதற்கும் ரத்தம் சுலபமாக உறைவதற்கும் பின்னால் ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்ற ஒரே கோளாறு இருக்கக்கூடும். பெண்கள் சொல்லத் தயங்கும் விஷயம் இது. வீட்டில் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தை ரத்தவியல் டாக்டர் ஒருவரிடம் காட்டி ஆலோசனை கேளுங்கள். செல் ஏற்றப்போகும் கிளினிக்குடன் தொடர்பில்லாதவராக அவர் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

4. எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கிளினிக்குகள் வழக்கமாக எடுப்பவை: முழு ரத்த எண்ணிக்கை (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை அதில் இருக்கும்), பி.டி. – ஐ.என்.ஆர்., ஏ.பி.டி.டி. மூன்றும் சரியாக இருந்தால் "உறைதலில் பிரச்சினை இல்லை" என்று எழுதிவிடுவார்கள். ஏமாறாதீர்கள். பி.டி.யும் ஏ.பி.டி.டி.யும் முக்கியமாகச் சொல்வது ரத்தம் உறையத் தாமதமாகிறதா, அதாவது ரத்தப்போக்கு அபாயம் உண்டா என்பதை. சுலபமாகக் கட்டுகிற உடம்பிலும் இவை சரியாகவே வரும். அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது.

டி-டைமர் என்பது உருவான கட்டு கரையும்போது வெளிவரும் துணுக்கின் அளவு. சிகிச்சைக்கு முன்பே ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்வது பயன்படும். பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிடலாம். ஆனால் அறுவை, தொற்று, வயது, புற்றுநோய் எல்லாமே இதை ஏற்றும். கொழுப்பு உறிஞ்சிய மறுநாள் கூடுதலாக இருந்தால் அதனாலேயே கட்டு என்று சொல்ல முடியாது. அறிக்கையில் அலகையும் பாருங்கள். எஃப்.இ.யு. என்றும் டி.டி.யு. என்றும் இரண்டு முறைகள் உண்டு. முதலாவதில் எண் ஏறக்குறைய இரண்டு மடங்காக வரும். அலகைப் பார்க்காமல் இரண்டு ஆய்வக அறிக்கைகளை ஒப்பிட்டு ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களை எனக்குத் தெரியும். முன்னும் பின்னும் ஒரே ஆய்வகத்தில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

முன்பு கட்டு வந்தவருக்கோ, குடும்பத்தில் யாருக்காவது கட்டு வந்திருந்தவருக்கோ பரம்பரைக் காரணங்களுக்கான சோதனைகளை ரத்தவியல் டாக்டர் எழுதலாம்: ஃபேக்டர் ஐந்து லெய்டன், புரோத்ராம்பின் மரபணு, புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்ட்டித்ராம்பின், ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருட்கள். இவை விலை கூடிய சோதனைகள்; எல்லாருக்கும் தேவையும் இல்லை. எடுப்பதானால் நேரம் முக்கியம். வார்ஃபரின் என்ற ரத்த உறைவு எதிர்ப்பு மாத்திரை சாப்பிடும்போது புரோட்டீன் சி, எஸ் குறைவாகக் காட்டும். ஹெப்பாரின் ஓடும்போது ஆன்ட்டித்ராம்பின் குறையும். ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் சோதனை ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் குறைந்தது 12 வாரம் கழித்துத் திரும்ப எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். ஆகவே "அடுத்த வாரமே சலுகை முடிகிறது" என்று அவசரப்படுத்துபவர்களின் நாட்காட்டிக்குள் இந்தச் சோதனைகள் அடங்காது. மூன்று, நான்கு மாதம் ஒதுக்குங்கள்.

5. பதிவு எண்ணும் ஒப்புதல் படிவமும்

இது ஆராய்ச்சி என்று சொன்னால் பதிவு எண் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.ஆர்.பி. தேடுதளத்தில் பல நாட்டுப் பதிவேடுகளை ஒரே இடத்தில் தேடலாம். அமெரிக்கப் பதிவேட்டின் எண் 'என்.சி.டி.' என்ற மூன்று எழுத்துகளுடன் தொடங்கி 8 இலக்கங்கள் கொண்டது. பதிவில் உள்ள நோய், செல் வகை, அளவு, கொடுக்கும் வழி ஆகியவை உங்களிடம் சொன்னவற்றுடன் வரிக்கு வரி பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பதிவு எண் இருப்பது அனுமதிக்கு அத்தாட்சி ஆகாது. பட்டியலில் இருப்பதால் அரசு அதைச் சோதித்து ஏற்றுக்கொண்டதாகப் பொருளல்ல என்று அந்த அமெரிக்கப் பதிவேட்டுத் தளமே எழுதியிருக்கிறது. அனுமதிக் கடிதத்தின் நகலைத் தனியாகக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேறு தாள்.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். தரமாட்டோம் என்றால் கையெழுத்து வேண்டாம். அதில் 'ரத்தக்கட்டு', 'நுரையீரல் அடைப்பு' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். சிரை வழி செல் ஏற்றத்துக்கான படிவத்தில் இவை இல்லாவிட்டால், எழுதியவருக்கு விஷயம் தெரியவில்லை, இல்லாவிட்டால் மறைக்கிறார். பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, இழப்பீடு உண்டா, இரவில் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்று வரிகளும் அதிலேயே இருக்க வேண்டும்.

6. பணம்

ஆய்வில் சேருவதற்கே நோயாளியிடம் பெருந்தொகை கேட்டால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவப்படாத சிகிச்சையின் செலவைப் பொதுவாக ஆய்வை நடத்துபவர்தான் ஏற்பார்.

விலைப்பட்டியலில் பெரும்பாலும் இருக்காத செலவுகள்: ரத்தவியல் டாக்டரின் கட்டணம், முன்சோதனைகள், சந்தேகம் வந்தால் கால் சிரைகளுக்கான டாப்ளர் ஸ்கேன், நுரையீரலுக்கான சி.டி. ஆஞ்சியோகிராம், கட்டு உறுதியானால் குறைந்தது 3 மாதத்துக்கு ரத்த உறைவு எதிர்ப்பு மருந்து, அந்தக் காலத்தில் வேலைக்குப் போக முடியாத இழப்பு. நுரையீரல் அடைப்பு தீவிரமானால் ஐ.சி.யு. இந்தத் தொகையைத் தனியாக எழுதி, கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். சிகிச்சைக்கே கடன் வாங்கி, பிறகு வரும் பாதிப்புக்கு ஒன்றும் இல்லாமல் நிற்பதுதான் மிகக் கொடுமை.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் இரண்டு கேள்விகள் போடுங்கள். இந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டா? இதனால் வரும் ரத்தக்கட்டுக்கு மருத்துவமனையில் சேர்ந்தால் அதற்கு உண்டா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. தொலைபேசியில் கிடைத்த பதிலை நம்பி இறங்காதீர்கள்.

முன்பணத்துக்கு, 'மருத்துவக் காரணத்தால் ரத்தானால் முழுத் தொகை திரும்பும்' என்ற வரி ரசீதில் இருக்கட்டும். பல தவணை செல் ஏற்றத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள். கட்டாதீர்கள். முதல் தவணையில் மூச்சுத் திணறல் வந்தவர், பணம் போய்விடுமே என்று இரண்டாவதற்கும் போய் உட்காரும் நிலை வரக்கூடாது.

7. ஏற்கெனவே ரத்த உறைவு எதிர்ப்பு மருந்து சாப்பிடுபவர்கள்

கொழுப்போ மஜ்ஜையோ எடுக்க வேண்டும் என்றால் மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். வார்ஃபரின் என்றால் வழக்கமாக 5 நாள் முன்பு; அபிக்சபான், ரிவரோக்சபான் போன்றவை என்றால் ஓரிரு நாள், சிறுநீரகம் சரியில்லாவிட்டால் இன்னும் கூடுதலாக. நிறுத்தும் நாள், மறுபடி தொடங்கும் நாள், முதல் மாத்திரையின் அளவு ஆகிய மூன்றையும் அந்த மருந்தை எழுதிய டாக்டரே தாளில் எழுதித் தர வேண்டும். நிறுத்துவது எல்லாருக்கும் நினைவிருக்கும். மறுபடி தொடங்குவதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுவதும், அந்த இடைவெளியில் கட்டு வருவதும்தான் நடக்கிறது.

முன்னெச்சரிக்கை என்று நீங்களாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளாதீர்கள். செல் எடுத்த இடத்தில் ரத்தம் கசியும். கிளினிக் ஹெப்பாரின் கொடுத்தால், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் சிலருக்குப் பிளேட்லெட் பாதியாகச் சரிந்து, அதனுடன் கட்டும் வரும். அரிதுதான், ஆனால் அப்போது வேறு மருத்துவமனைக்கு ஓடினால், ஹெப்பாரின் போட்டது தெரிந்தால்தான் அங்கே சந்தேகப்படுவார்கள்.

8. செல் ஏற்றும் நாளும் அடுத்த நான்கு வாரமும்

காய்ச்சலோ காலில் வீக்கமோ இருந்தால் அன்று வேண்டாம், தள்ளிப்போடுங்கள். ஏற்றும் இடத்தில் ஆக்சிஜன், இதயத்துடிப்புக் காட்டும் மானிட்டர், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அவசர மருந்துப் பெட்டி ஆகியவை கண்ணில் பட வேண்டும். டாக்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருக்க வேண்டும். பக்கத்தில் சி.டி. வசதியுள்ள மருத்துவமனை எது, எத்தனை நிமிடத் தூரம் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பையை மாட்டும் முன் அதன் ஒட்டுச்சீட்டைப் படியுங்கள். முடிந்தால் புகைப்படம் எடுங்கள். நோயாளி பெயர், தொகுதி எண், செல் எண்ணிக்கை, காலாவதி நேரம். அது சான்றிதழில் உள்ள தொகுதி எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பையில் கண்ணுக்குத் தெரியும் கட்டி மிதந்தால் உடனே சொல்லுங்கள். ஏற்றத் தொடங்கும் முன் நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவைக் குறித்துவைத்து, ஏற்றும்போதும் பிறகு சில மணி நேரமும் அடிக்கடி பார்க்க வேண்டும். நேரமாகிறது என்று டிரிப்பை வேகப்படுத்த விடாதீர்கள். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் உங்கள் நோட்டிலும் இருக்கட்டும்.

வேறு ஊருக்கோ நாட்டுக்கோ போய்ச் சிகிச்சை எடுப்பவர்கள் செய்யும் பெருந்தவறு, மறுநாளே திரும்பும் டிக்கெட். 4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தாலே சிரையில் கட்டு வரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அறுவையும் செல் ஏற்றமும் பயணமும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். எப்போது பயணம் செய்யலாம் என்று ரத்தவியல் டாக்டர் சொன்ன பிறகு டிக்கெட் எடுங்கள். அதுவரை தங்கும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

வீட்டில் நடமாடுங்கள், தண்ணீர் குடியுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக்கைக் கூப்பிட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்:

- திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, ரத்தம் கலந்த சளி, மயக்கம், காரணமில்லாத படபடப்பு.
- ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைச் சதையில் வலி, சூடு, நிறமாற்றம். கையில் குழாய் போட்டிருந்தால் அந்தக் கையிலும் இதேதான்.
- முகம் கோணுவது, ஒரு பக்கக் கை தளர்வது, பேச்சுக் குழறுவது, இதுவரை வராத கடும் தலைவலி.

போனதும் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: "இன்ன தேதியில் ஸ்டெம் செல் சிரை வழியாக ஏற்றினார்கள், நுரையீரலில் கட்டு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது." இதைச் சொல்ல வெட்கப்பட்டு வெறும் மூச்சுத் திணறல் என்று சொன்னால், ஆஸ்துமா என்று நினைத்து மணிக்கணக்கில் நேரம் போகலாம். சான்றிதழ், ஒட்டுச்சீட்டுப் படம், 3-ஆம் படியில் எழுதிய பக்கம் மூன்றும் கைப்பேசியில் இருந்தால் போதும். சி.டி.க்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) அளவு கேட்பார்கள். கடைசியாக எடுத்த அறிக்கையையும் சேர்த்து வையுங்கள்.

9. ரத்த ஸ்டெம் செல் மாற்று செய்துகொள்பவர்களுக்கு

இங்கே தாள்களைக் கேட்டுச் சண்டை போட வேண்டியதில்லை. நல்ல மையங்கள் தாமாகவே எல்லாம் வைத்திருக்கும். பாதுகாப்புக்குக் கவனிக்க வேண்டியவை வேறு.

சித்தப்பாவுக்கு பிளேட்லெட் பாதாளத்துக்குப் போனபோது, இனிக் கட்டு வராது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவருடைய டாக்டர் மறுத்தார். பிளேட்லெட் குறைந்திருந்தாலும் கட்டு வரும்; மருந்து கொடுப்பதுதான் சிரமமாகும். பொதுவாகப் பிளேட்லெட் 50,000-க்கு மேல் இருந்தால் முழு அளவு உறைவு எதிர்ப்பு மருந்து கொடுப்பார்கள், அதற்குக் கீழே குறைப்பார்கள், 25,000-க்குக் கீழே போனால் பெரும்பாலும் நிறுத்திவைப்பார்கள். அதனால் தினசரி எண்ணிக்கையை நீங்களும் குறித்து வாருங்கள்.

குழாய் போட்ட பக்கத்துக் கை, கழுத்து, முகம் வீங்கினாலோ குழாயிலிருந்து ரத்தம் எடுக்க முடியாமல் போனாலோ உடனே சொல்லுங்கள். மைலோமாவுக்கு லெனலிடோமைட் அல்லது தாலிடோமைட் எடுப்பவர்களுக்குக் கட்டு அபாயம் கூடுதல். மாற்றுக்குப் பிறகு அந்த மருந்து மறுபடி தொடங்கும்போது ஆஸ்பிரினோ வேறு தடுப்பு மருந்தோ வேண்டுமா என்று கேளுங்கள். சித்தப்பாவின் வெளிநோயாளிச் சீட்டில் இது விட்டுப்போயிருந்தது. சித்தி கேட்ட பிறகுதான் எழுதினார்கள்.

மற்றொருவர் செல்லை வாங்குபவர்கள் இன்னும் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, கல்லீரலின் மிக நுண்ணிய சிரைகள் அடைபடுவது. பெரும்பாலும் முதல் 21 நாளுக்குள் வரும். உடல் எடை கிடுகிடுவென ஏறும், வலது விலாவுக்குக் கீழே வலிக்கும், வயிறு உப்பும், கண் மஞ்சளாகும். அதனால்தான் தினமும் எடை பார்க்கிறார்கள். அதே நேரத்தில், அதே எடைக்கருவியில் பாருங்கள். 5 சதவீதம் ஏறிவிட்டால் அது சாப்பாட்டால் வந்த எடையாக இருக்காது. டிஃபைப்ரோடைட் என்ற மருந்து இதற்கு உண்டு. அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்றது. உங்கள் மையத்தில் அது கையிருப்பில் இருக்குமா, வரவழைக்க எத்தனை நாள், செலவு யாருடையது என்று சேரும் முன்பே கேளுங்கள். விலை மிகுந்த மருந்து.

இரண்டாவது, உடம்பெங்கும் உள்ள நுண்குழாய்களில் சிறு சிறு கட்டுகள் உருவாவது. பெரும்பாலும் முதல் 100 நாளுக்குள். ரத்த அழுத்தம் திடீரெனக் கூடும், சிறுநீரில் புரதம் போகும், எல்.டி.ஹெச். (செல்கள் சிதைவதைக் காட்டும் ரத்தச் சோதனை எண்) ஏறும், பிளேட்லெட் ஏறாமல் நிற்கும், நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் பூச்சில் உடைந்த சிவப்பணுக்கள் தெரியும். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அதற்காக நீங்களே அவற்றை நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் தினமும் இரண்டு வேளை ரத்த அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டு போனால் டாக்டர் சீக்கிரம் கண்டுபிடிக்க அது உதவும்.

10. பாதிப்பு வந்தால் புகார் எழுதுங்கள்

சிகிச்சை முடிந்து உயிர் தப்பியதும் எல்லாரும் மறக்க நினைக்கிறார்கள். ஆனால் எழுதிவைக்கப்படாத கட்டு எந்தக் கணக்கிலும் வராது. உங்கள் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பக்கவிளைவுப் பதிவுப் பிரிவில் நோயாளியே நேரடியாகப் புகார் தர முடியுமா என்று பாருங்கள். பல நாடுகளில் முடியும். டிஸ்சார்ஜ் சுருக்கம், சி.டி. அறிக்கை, செல்லின் தொகுதி எண், ஏற்றிய தேதி, அறிகுறி தொடங்கிய தேதி ஆகியவற்றை இணையுங்கள். ஆய்வில் சேர்ந்திருந்தால் நெறிமுறைக் குழுவுக்கும் ஒரு நகல். கட்டு வந்ததை மருத்துவமனை தன் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எழுதும்போது, அதற்கு முன் செல் ஏற்றப்பட்டதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன்பே அதைப் படித்துப் பார்த்துவிடுங்கள். பின்னால் திருத்தம் வாங்குவது மிகவும் கடினம்.